கேலக்ஸிகள் நெருங்கும்போது விண்மீன்கள் பிறப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று நெருங்கினால் புது விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. நெருங்கியும் ஒன்றும் நடக்காத இடங்கள் உண்டு. நெருங்கியதாலேயே விண்மீன் பிறப்பு நின்றுபோன கேலக்ஸிகளும் உண்டு. எங்கே எது நடக்கும் என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அங்கிருந்த வாயு எங்கே போகிறது, எந்த நிலையில் போகிறது. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது வாயுவின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கேலக்ஸிகள் மோதினால் அவற்றிலுள்ள விண்மீன்களும் மோதிக்கொள்ளுமா?

மோதாது. சூரியனை ஒரு கடுகு அளவுக்குச் சுருக்கினால், அடுத்த விண்மீன் என்ற கடுகு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு இடைவெளியில் இரண்டு கடுகுக் கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தாலும் ஒரு கடுகு இன்னொன்றில் படுவது அபூர்வம்.

கேலக்ஸிகளின் கணக்கு வேறு. நம் பால்வீதியின் தட்டு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதாவது இடைவெளி, அளவைப் போல 25 மடங்குதான். அதனால் கேலக்ஸிகள் மோதுவது பிரபஞ்சத்தில் சகஜம். அப்படி மோதும்போது நிஜமாகவே முட்டிக்கொள்வது வாயு மேகங்கள். அவை பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் ஒளியாண்டு அகலமானவை. ஒன்றை ஒன்று ஊடுருவிப் போய்விட முடியாது.

சரி, மோதினால் புது விண்மீன் ஏன் பிறக்க வேண்டும்?

முதலில், மோதாதபோது ஏன் அதிகம் பிறப்பதில்லை என்று பார்க்க வேண்டும். பால்வீதியில் பல நூறு கோடி சூரியன்களின் நிறைக்குச் சமமான வாயு இருக்கிறது. அதிலிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறை அளவுக்குத்தான் விண்மீன்கள் உருவாகின்றன. காரணம், அந்த வாயு கேலக்ஸியின் மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றும் வேகம் அதை உள்ளே விழ விடுவதில்லை. மேகங்களுக்குள் இருக்கும் கொந்தளிப்பும் காந்தப் புலமும் சுருங்குவதைத் தடுக்கின்றன. மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து, ஹைட்ரஜன் மூலக்கூறுகளாகத் திரண்ட அடர்ந்த மேகத்தில்தான் ஈர்ப்பு ஜெயிக்கும், விண்மீன் பிறக்கும்.

இப்போது பக்கத்தில் இன்னொரு கேலக்ஸி வருகிறது. நிலவு பூமியின் கடலை இழுப்பது போன்ற அதே ஓத விசைதான் இங்கும் வேலை செய்கிறது. அருகிலிருக்கும் பக்கம் அதிகமாகவும் தூரத்துப் பக்கம் குறைவாகவும் இழுபடும். தட்டு நீள்கிறது. வெளி ஓரத்து விண்மீன்களும் வாயுவும் நீண்ட வால்களாகப் பிய்ந்து போகின்றன. புகைப்படங்களில் நாம் வியந்து பார்ப்பது இந்த வால்களைத்தான். ஆனால் முக்கியமான காரியம் உள்ளே நடக்கிறது.

தட்டின் உட்பகுதியில் விண்மீன்கள் நீளவாக்கில் ஒரு பட்டைபோல் ஒழுங்காகின்றன. வாயுவும் அதேபோல் ஒரு பட்டையாகிறது. ஆனால் வாயு மேகங்கள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலை இழப்பதால் அந்தப் பட்டை விண்மீன் பட்டையைவிடச் சற்று முந்திக்கொண்டு சுற்றுகிறது. பின்னால் வரும் விண்மீன் பட்டையின் ஈர்ப்பு அதைத் தொடர்ந்து பின்னுக்கு இழுக்கிறது. வாயுவைச் சுற்றவைத்துக்கொண்டிருந்த கோண உந்தம் பறிபோகிறது. சுற்றிக்கொண்டிருந்தவரை உள்ளே விழாமல் இருந்த வாயு இப்போது மையத்தை நோக்கிக் கொட்ட ஆரம்பிக்கிறது. 1990களில் ஜாஷுவா பார்ன்ஸ், லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட், கிறிஸ் மிஹோஸ் ஆகியோரின் கணினிப் பரிசோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின.

மையத்தில் வாயு குவியக் குவிய விண்மீன் பிறப்பு அதைவிட வேகமாக ஏறுகிறது. ராபர்ட் கென்னிகட் 1998ல் பல கேலக்ஸிகளை அளந்து வெளியிட்ட உறவின்படி, ஒரு பரப்பில் வாயு இரண்டு மடங்கானால் விண்மீன் பிறப்பு இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே போகும். பத்து மடங்கானால் ஏறக்குறைய 25 மடங்கு. மையத்தில் திடீரென ஒளி வெடிப்பதற்கு இதுவே காரணம்.

இதை முதலில் யார் சொன்னது?

ஹால்டன் ஆர்ப் 1966ல் உருக்குலைந்த 338 கேலக்ஸிகளின் படத் தொகுப்பை வெளியிட்டார். வால், பாலம், வளையம் என்று விசித்திரமான வடிவங்கள். ஈர்ப்பு மட்டுமே இவ்வளவு மெல்லிய வால்களை இழுக்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். எஸ்டோனியாவில் பிறந்த அலார் தூம்ரே, யூரி தூம்ரே என்ற சகோதரர்கள் 1972ல், இன்றைய கணக்கில் மிகச் சிறிய கணினியில், கொஞ்சமே கொஞ்சம் புள்ளிகளை வைத்து இரண்டு தட்டுகளை ஒன்றையொன்று கடக்கவிட்டார்கள். வால்கள் அப்படியே வந்தன. உள்ளே வாயு பாய்ந்து விண்மீன் பிறப்பைத் தூண்டுமோ என்ற யோசனையையும் அவர்களே அந்தக் கட்டுரையில் எழுப்பினார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1978ல், ரிச்சர்ட் லார்சனும் பியாட்ரிஸ் டின்ஸ்லியும் ஆர்ப் தொகுப்பிலுள்ள கேலக்ஸிகளின் நிறங்களைச் சாதாரண கேலக்ஸிகளோடு ஒப்பிட்டார்கள். சாதாரணமானவை ஒழுங்கான நிறவரிசையில் நின்றன. உருக்குலைந்தவை நாலாபக்கமும் சிதறின. சமீபத்தில் குறுகிய காலத்துக்கு விண்மீன்கள் வெடித்துப் பிறந்திருந்தால் மட்டுமே அப்படிச் சிதற முடியும். டின்ஸ்லி நியூசிலாந்தில் வளர்ந்தவர். 1981ல், தன் 40வது வயதில் காலமானார். கேலக்ஸிகள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற இன்றைய புரிதலில் அவருடைய பங்கு மிகப் பெரியது. அவர் பெயர் பள்ளிப் பாடங்களில் வராதது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.

ஆன்டெனா கேலக்ஸிகள். பட்டியல் எண் என்ஜிசி 4038, 4039. அஸ்தம் நட்சத்திரம் என்று பஞ்சாங்கத்தில் வரும் ஐந்து விண்மீன்கள் இருக்கிற காகம் என்ற அதே விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 6.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளன. வில்லியம் ஹெர்ஷல் 1785ல் கண்டது. பூச்சியின் உணர்கொம்புபோல இரண்டு நீண்ட வால்கள் இருப்பதால் இந்தப் பெயர்.

ஹப்பிள் படத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு மஞ்சள் மையங்கள். அவற்றைச் சுற்றி நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புத் திட்டுகளும். நீலப் புள்ளி ஒவ்வொன்றும் இளம் விண்மீன் கொத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரகாசமான இளங்கொத்துகளை 1997லேயே ஹப்பிள் எண்ணிக் காட்டியது. பெரிய கொத்துகளில் லட்சக்கணக்கான சூரிய நிறை இருக்கிறது. இளஞ்சிவப்பு, புது விண்மீன்களின் புற ஊதா ஒளி பட்டு ஒளிரும் ஹைட்ரஜன்.

இரண்டு மையங்களுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு தூசுப் பகுதி தெரியும். படத்தில் மங்கலாக இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். 1990களில் ஐஎஸ்ஓ என்ற ஐரோப்பிய அகச்சிவப்பு விண்கலம் பார்த்தபோது, மொத்த அமைப்பிலேயே அதிகம் ஒளிர்ந்த இடம் அந்தத் தூசுக்குள்தான் இருந்தது. இரண்டு தட்டுகளும் மேற்பொருந்தும் அந்த இடத்தில் மேகங்கள் நேராக மோதி நெரிகின்றன. விண்மீன் பிறப்பு அங்கே மையங்களைவிட உக்கிரமாக நடக்கிறது. சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி 2011ல் முதல் படமாக வெளியிட்டதும் இந்த ஆன்டெனாவைத்தான். அதில் குளிர்ந்த வாயு எங்கெங்கே திரண்டிருக்கிறது என்பது நேரடியாகத் தெரிந்தது.

அதனால்தான் வெறும் அழகான வண்ணப்படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று சொல்வேன். பிறப்பின் பெரும்பகுதி தூசுக்குப் பின்னால் நடக்கிறது.

மோதாமல் பக்கத்தில் போனாலே போதுமா?

போதும். எம்82 என்ற கேலக்ஸி அதற்குச் சாட்சி. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில், தன்னைவிடப் பெரிய எம்81ன் பக்கத்தில் இருக்கிறது. சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் நெருங்கிக் கடந்தன. வெறும் ஒளியில் பார்த்தால் சம்பந்தமில்லாத இரண்டு கேலக்ஸிகள் போலத்தான் தோன்றும். 1994ல் மின் யுன்னும் சகாக்களும் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியால் ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலையில் எடுத்த வரைபடத்தில் கதை மாறியது. எம்81, எம்82, இன்னும் என்ஜிசி 3077 மூன்றையும் கட்டிப் பிணைத்துக்கொண்டு நீண்ட வாயு இழைகள்!

எம்82ன் மையத்தில், சில ஆயிரம் ஒளியாண்டு அகலமான சிறு பகுதிக்குள், முழுப் பால்வீதியையும் விடப் பல மடங்கு வேகமாக விண்மீன்கள் பிறக்கின்றன. பெரிய விண்மீன்கள் சீக்கிரம் சூப்பர்நோவாவாக வெடிக்கின்றன. அந்த வெடிப்புகள் சேர்ந்து வாயுவைத் தட்டுக்கு மேலும் கீழும் சூறாவளியாக வெளியே தள்ளுகின்றன. சிவப்பு இழைகளாகப் படங்களில் தெரிவது இதுதான். சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி, அந்தக் காற்றின் கோடிக்கணக்கான டிகிரி சூட்டைக் காட்டுகிறது. அப்புறம் என்ன ஆகும்? எரிபொருளைத் தானே வெளியே வீசும் அடுப்பு ரொம்ப நாள் எரியாது.

எல்லா நெருக்கத்திலும் இப்படி வெடித்துப் பிறக்குமா?

இல்லை. ஆன்டெனா, எம்82 போன்றவை கண்ணில் படுவதே அவை விதிவிலக்கு என்பதால்தான். வானத்தின் பெரும்பகுதியைப் படமெடுத்த ஸ்லோன் வானாய்வில் ஆயிரக்கணக்கான கேலக்ஸி ஜோடிகளைத் தனித்திருக்கும் கேலக்ஸிகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இடைவெளி ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டுக்குள் குறையும்போது விண்மீன் பிறப்பு கூடுகிறது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் அந்தக் கூடுதல் இரண்டு மடங்கு என்ற அளவுக்குள் அடங்கிவிடுகிறது. பத்து மடங்கு, நூறு மடங்கெல்லாம் சிலவற்றுக்கு மட்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

முதல் தேவை வாயு. அது தீர்ந்துபோன இரண்டு நீள்வட்டக் கேலக்ஸிகள் இணைந்தால் விண்மீன்கள் இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். அடுத்தது திசை. தட்டு சுற்றும் திசையிலேயே பக்கத்து கேலக்ஸியும் கடந்து போனால் இழுப்பு நீண்ட நேரம் நீடிக்கும், விளைவு பெரிது. எதிர்த்திசை என்றால் குறைவு. மையத்தில் கனமான விண்மீன் உருண்டை இருக்கிறதா என்பதும் ஒரு காரணம். மிஹோஸும் ஹெர்ன்குவிஸ்டும் கண்டது சுவாரசியமானது. அப்படி ஒரு உருண்டை இருந்தால் முதல் சந்திப்பில் பட்டை உருவாவது தடைபடுகிறது, வாயு மிச்சமாகிறது. கடைசியில் இரண்டும் ஒன்றாகும்போது அத்தனையும் ஒரேயடியாக உள்ளே கொட்டி, பெரிய வெடிப்பாக முடிகிறது. உருண்டை இல்லாவிட்டால் முதல் சந்திப்பிலேயே பாதிக்கு மேல் செலவாகிவிடும்.

வேகமும் உண்டு. சுமார் 18 கோடி ஒளியாண்டு தொலைவில் டாஃபி கேலக்ஸிகள் என்று ஒரு ஜோடி இருக்கிறது. ஏறக்குறைய 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு தட்டுகளும் நேருக்கு நேர் மோதி, ஒன்றை ஒன்று ஊடுருவி வெளியே வந்துவிட்டன. நடுவில் இழுபட்ட மிட்டாய்போல ஒரு வாயுப் பாலம். அதில் வாயு ஏராளம். விண்மீன் பிறப்போ மிகக் குறைவு. மோதலில் வாயு அவ்வளவு கலங்கிப்போனதால் அமைதியாகச் சுருங்க முடியவில்லை. ஐந்து கேலக்ஸிகள் நெருக்கமாகத் தெரியும் ஸ்டீஃபனின் ஐவர் கூட்டத்திலும் இதே நிலைதான்: ஒரு கேலக்ஸி விநாடிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டத்துக்குள் பாய்ந்திருக்கிறது, பெரிய அதிர்ச்சி அலை எழுந்திருக்கிறது, சூடான ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பளிச்சென்று ஒளிர்கின்றன. அந்த அலைப் பகுதியில் விண்மீன்கள் கம்மி.

அதிகபட்சம் எந்த அளவுக்குப் போகும்?

1983ல் பறந்த ஐராஸ் அகச்சிவப்பு விண்கலம் ஒரு புது இனத்தைக் காட்டியது. ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கு மேல் ஒளி வீசும், ஆனால் அந்த ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பாக மட்டுமே வெளிவரும் கேலக்ஸிகள். நமக்கு அருகிலுள்ளவற்றை உற்றுப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே இணைந்துகொண்டிருப்பவை.

அவற்றில் மிக அருகில் இருப்பது ஆர்ப் 220. சுமார் 25 கோடி ஒளியாண்டு. இரண்டு மையங்களும் ஏறக்குறைய 1,200 ஒளியாண்டு இடைவெளிக்கு வந்துவிட்டன. ஆண்டுக்கு 100 சூரிய நிறைக்கும் மேல் விண்மீன்கள் பிறக்கின்றன. ரேடியோவில் பார்த்தால் அந்தச் சிறு மையத்துக்குள் டஜன் கணக்கில் சூப்பர்நோவாக்களும் அவற்றின் மிச்சங்களும் தெரிகின்றன. சாதாரண சுருள் கேலக்ஸி தன் மூலக்கூறு வாயுவைத் தீர்க்க 200 கோடி ஆண்டு போல ஆகும். ஆர்ப் 220க்குச் சில கோடி ஆண்டுகள் போதும்.

கொத்துகளில் வாழும் கேலக்ஸிகளுக்கு என்ன ஆகிறது?

அங்கே நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் கூடிய பெருங்கொத்தின் நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. அதற்குள் வேகமாக விழும் கேலக்ஸியின் குளிர்ந்த வாயுவை எதிர்காற்று உரித்தெடுத்துவிடும். முதலில் முன்பக்கம் அழுத்தப்பட்டுக் கொஞ்சம் விண்மீன் பிறப்பு கூடலாம். கடைசியில் சரக்கே இல்லாமல் போய்விடும். உரிந்த வாயு பின்னால் இழைகளாகத் தொங்குவதால் இவற்றை ஜெல்லிமீன் கேலக்ஸிகள் என்கிறார்கள்.

இதில் நம் நாட்டு விண்கலத்துக்கும் நல்ல பங்கு உண்டு. 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதா தொலைநோக்கி, ஜேஓ201 என்ற ஜெல்லிமீன் கேலக்ஸியைப் பார்த்து, தட்டைவிட்டு வெளியே இழுபட்ட இழைகளிலேயே இளம் விண்மீன் முடிச்சுகள் இருப்பதைக் காட்டியது. கேலக்ஸிக்கு வெளியே, வெட்டவெளியில் பிறந்த விண்மீன்கள்!

ஒரு மோதலுக்குக் கோடிக்கணக்கான ஆண்டு ஆகும். யார் பார்த்தார்கள்?

யாரும் முழுதாகப் பார்க்க முடியாது. வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் பல ஜோடிகளை வரிசைப்படுத்தி, கணினி மாதிரிகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். விண்மீன் பிறப்பின் கடிகாரம் ஒளியிலேயே இருக்கிறது. மிகக் கனமான விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் வாழும். அவை இருந்தால் மட்டுமே ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி தெரியும். ஆகவே அது கடந்த 1 கோடி ஆண்டுக்குள் நடந்த பிறப்பைச் சொல்கிறது. புற ஊதா ஒளி சுமார் 10 கோடி ஆண்டு வரை பின்னோக்கிப் பேசும். தூசுக்குள் மறைந்ததை அகச்சிவப்பு சொல்லும். இன்னும் விண்மீன் ஆகாமல் காத்திருக்கும் குளிர்ந்த வாயுவைக் கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலை காட்டிக்கொடுக்கும்.

நம் பால்வீதியில் இதெல்லாம் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. 1994ல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசு குறுங்கேலக்ஸி பால்வீதியைச் சுற்றிச் சுற்றி வந்து சிதைந்துகொண்டிருக்கிறது. கையா விண்கலத்தின் தரவை வைத்து 2020ல் வெளியான ஆய்வு ஒன்று, சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் சுமார் 570 கோடி, 190 கோடி, 100 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன் பிறப்பு தனியாக உயர்ந்திருப்பதைக் கண்டது. அந்தக் காலங்கள் தனுசு குறுங்கேலக்ஸி நெருங்கி வந்ததாகக் கணக்கிடப்படும் காலங்களோடு ஒத்துப்போகின்றன. காலம் ஒத்துப்போவது மட்டுமே நிரூபணம் ஆகாது. ஆனாலும் நான் இதை வலுவான தடயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய, சிறிய மகெல்லன் மேகங்கள் இன்னும் தெளிவான சாட்சி. முறையே சுமார் 1.6 லட்சம், 2 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இவை ஒன்றையொன்று இழுத்து நடுவில் ஒரு வாயுப் பாலத்தை விட்டிருக்கின்றன. அந்தப் பாலத்துக்குள் இளம் விண்மீன்கள் இருக்கின்றன. வேறெங்கோ பிறந்து அங்கே போய்ச் சேர்ந்தவை என்று இவற்றைச் சொல்ல முடியாது. அவ்வளவு குறைந்த வயதில் அங்கேயே பிறந்திருந்தால்தான் உண்டு.

ஆண்ட்ரோமீடா வந்து மோதுமாமே?

விநாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவது உண்மை. 400 கோடி ஆண்டுகளில் மோதல் நிச்சயம் என்று 2012ல் ஹப்பிள் தரவை வைத்துச் சொன்னார்கள். 2025ல் வந்த புதிய கணக்கு, பெரிய மகெல்லன் மேகம், ஆண்ட்ரோமீடாவின் பக்கத்திலுள்ள எம்33 கேலக்ஸி ஆகியவற்றின் இழுப்பையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இணையும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்கிறது. அப்படியே இணைந்தாலும் இரண்டிலும் அப்போது வாயு குறைவாகத்தான் இருக்கும். ஆர்ப் 220 அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

பிரபஞ்சத்தின் பெரும்பாலான விண்மீன்கள் மோதலில் பிறந்தவைதானா?

இப்படி ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. தவறு. விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தக் காலத்துக் கேலக்ஸிகளில் வாயு நிறைய, வெளியிலிருந்தும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. யாரும் வந்து இடிக்காமலேயே அவை மும்முரமாக விண்மீன்களை உருவாக்கின. அப்போதைய மொத்தப் பிறப்பில் அசாதாரண வெடிப்புகளின் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது என்று 2011ல் வந்த ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி ஆய்வு கணக்கிட்டது.

இவற்றில் எதையாவது நாமே பார்க்க முடியுமா?

முடியும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவு 9, 10 மணிக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பக்கம் எம்81, எம்82 இரண்டும் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் வரும். இருண்ட இடத்தில் நல்ல பைனாகுலர் போதும். சிறு தொலைநோக்கியில் ஒன்று உருண்டைத் திட்டாகவும் மற்றது மெல்லிய கோடாகவும் ஒரே பார்வையில் தெரியும். அந்தக் கோடுதான் எம்82. ஆன்டெனாவுக்கு 8 அங்குலமாவது வேண்டும். ஏப்ரல், மே இரவுகளில் அஸ்தம் உச்சிக்கு வரும்போது தேடுங்கள்.

பெரிய மகெல்லன் மேகத்துக்குக் கருவியே தேவையில்லை, தெற்கு அடிவானம் திறந்திருக்க வேண்டும். கன்னியாகுமரியில் அதன் அதிகபட்ச உயரம் சுமார் 12 டிகிரிதான். இலங்கையின் தென்கோடியில் சற்றுக் கூடுதல். ஜனவரியில் இரவு 10 மணிவாக்கில், அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, நிலவில்லாத நாளில், கடல் மேல் மூட்டமில்லாமல் இருந்தால் ஒரு வெளிறிய திட்டு. ஊர் விளக்குகள் தெற்கே இருந்தால் முயற்சி பலிக்காது.